தொகை எழுதாத வரி

எங்கள் காபித் தோட்டத்துப் பணம் கைக்கு வந்த வாரத்துச் சனிக்கிழமை ராத்திரி, நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரு தொகையை எழுதி, மடித்து, வேதாகமத்துக்குள் வைப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. மறுநாள் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட உட்காரும் முன் இரண்டையும் பிரிப்போம். அந்த வருஷக் காப்பில் கர்த்தருக்கு என்று எவ்வளவு எடுத்து வைப்பது என்ற பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மாதச் சம்பளத்தில் கொடுப்பது தனி, அது தானாக நடக்கிறது. இது வருஷத்துக்கு ஒருமுறை.

2025 மார்ச்சில் பிரித்தபோது என் சீட்டில் 13,000 இருந்தது. அவர் சீட்டில் 40,000.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சோற்றைப் பரிமாறிவிட்டு, பசிக்கவில்லை என்று உள்ளே போய்விட்டேன். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேதம் அறிந்தவள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறவள், ஒரு தொகையைப் பார்த்து ஏன் இப்படி ஆடிப்போனேன் என்பதைத்தான் எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருக்கிறேன்.

காணிக்கையைப் பற்றித் தொகையோடு பொதுவில் எழுதலாமா என்ற தயக்கம் இருந்தது. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்றுதான் ஆண்டவர் சொன்னார். அதனால்தான் பெயர் போடாமல் எழுதுகிறேன். ஆனால் நாம் வீட்டுக்குள் இதைப் பேசாமல் இருக்க இருக்க, மேடையில் பேசுகிறவர்கள் மட்டுமே இதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதனால் நான் பட்டதையும் சொல்கிறேன்.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் அவர் ரைட்டர், அதாவது கணக்கு எழுதுகிறவர். காலையில் செக்ரோல் என்கிற ஆள் வருகைத் தாளில் பேர் போடுவதும், சாயங்காலம் பழம் எடை பார்ப்பதும், வாரக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிப்பதும் அவர் வேலை. எங்களுக்கென்று 2 ஏக்கர் காபி இருந்தது. சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, வேலி ஓரம் நாலைந்து ஆரஞ்சு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அதிலிருந்து இந்த மலையில் கல்யாணமும் கடனும் காபி விலையைப் பார்த்துத்தான் நடக்கின்றன என்பது வீட்டில் பார்த்தது.

சம்பளம் வந்த அன்று ராத்திரி அப்பா மூன்று கவர் எடுப்பார். கடையில் வாங்கின கவர் கிடையாது. தேதி முடிந்த செக்ரோல் தாளை மடித்து, சோற்றுப் பசை தடவி அவரே ஒட்டினது. கவரின் உட்புறம் பார்த்தால் பழைய பேர்வரிசையும் கோடும் தெரியும். மேலே ஒன்றில் "சபை" என்று எழுதியிருக்கும், ஒன்றில் "ஜனம்", ஒன்றில் "வீடு". முதல் இரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் மூன்றாவதைத் தொடுவார். "ஜனம்" கவர் யாருக்கு என்று எங்களுக்குச் சொன்னதே இல்லை. பிரசவத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க முடியாதவர்கள், அப்படி யாராவது பின்வாசலில் வந்து நின்று பேசிவிட்டுப் போவார்கள். கவர் மெலிந்திருக்கும்.

அம்மாவுக்குக் கவர் கிடையாது, டின் உண்டு. உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து கொட்டும் முன் ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போடுவாள். கைப்பிடி அரிசி. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போகும், அங்கே எடைபோட்டு விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். மிசோரம் சபைகளில் பெண்கள் 1910-லிருந்து இதே மாதிரிப் பிடி அரிசி எடுத்து வைத்தே பெரும் ஊழியங்களைத் தாங்குகிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அந்த மலைக்காரிகளையும் எங்கள் அம்மாவையும் ஒரே அடுப்பின் முன்னால் வைத்துப் பார்த்தேன். அம்மா பிடி எடுக்கும்போது கையைப் பார்க்க மாட்டாள். எங்களிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே எடுப்பாள். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், நான் சமைத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிடி எடுத்துவிட்டுக் கையை விரித்துப் பார்த்தேன், கொஞ்சம் அதிகம் போலத் தோன்றியது, விரலிடுக்கில் கொஞ்சத்தைச் சட்டிக்குள் உதிர்த்துவிட்டு மீதியைப் போட்டேன். படுத்திருந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தா எடுத்ததுதான் சாமி. அதை எண்ணக் கூடாது" என்றாள். திட்டவில்லை. அந்த உதிர்த்த அரிசி இன்றைக்கும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2001-இல் காபி விலை உலகம் முழுக்க விழுந்தது. முப்பது வருஷத்தில் காணாத விலை என்று பேசிக்கொண்டார்கள். காய்த்து நிற்கிற செடியில் பழம் பறித்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று சிலர் பறிக்காமலே விட்டார்கள். பறிக்காமல் விட்டால் காய்த்துளைப்பான் வண்டு பெருகி அடுத்த வருஷக் காப்பையும் தின்றுவிடும், அதனால் அதற்கும் வழி இல்லை. அப்பாவின் எஸ்டேட்டில் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. வந்தபோது முழுதாக வரவில்லை.

அன்றைக்கு அப்பா கவர்களை முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது காலேஜ், லீவுக்கு வந்திருந்தேன். வழக்கமாக 200 ரூபாய் போகிற "சபை" கவரில் 60 வைத்தார். "ஜனம்" கவரில் எப்போதும் வைக்கிற 100-ஐ அப்படியே வைத்தார். எனக்குத் திக்கென்றது. விசுவாசத்தில் குறைந்துவிட்டாரோ என்று நினைத்தேன். கேட்டேவிட்டேன்.

"இந்த மாசம் வேலையில்லாம நிக்கிறவங்க அதிகம், அதனால அதைக் குறைக்க மனசு வரல. சபைக்கு இவ்வளவுதான் முடியும்னு நானே போய்ப் பொருளாளர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். குறைக்கிறதுக்கும் விசுவாசம் வேணும் புள்ள" என்றார்.

அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. குறைத்துக் கொடுக்கிறவன் மேல் கர்த்தர் கோபப்பட மாட்டார் என்று நம்புவதும் அவரை நம்புவதுதான் என்று விளங்குவதற்குப் பத்து வருஷமும் ஒரு நாலு பவுன் சங்கிலியும் ஆயிற்று.

2012-இல் சேலத்தில் ஒரு மைதானத்தில் மூன்று நாள் கூட்டம். கடைசி ராத்திரி பேசியவர் வேதாகமத்தில் மல்கியா புத்தகத்தை எடுத்தார். "வானத்தின் பலகணிகளைத் திறந்து, இடங்கொள்ளாமற்போகுமட்டும் உங்கள்மேல் ஆசீர்வாதத்தை வருஷிக்கமாட்டேனோவென்று அதினால் என்னைச் சோதித்துப் பாருங்கள்." அந்த வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம். கையில் இருக்கிறதைக் கொடுப்பது விசுவாசமில்லை, இல்லாததை எழுதிக் கொடுப்பதுதான் விசுவாசம் என்றார். எவ்வளவு கொடுப்போம் என்று எழுதித் தருகிற சீட்டு வரிசைக்கு வரிசை வந்தது. பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டே எழுதினார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், அவருக்கு 18,000 சம்பளம், எனக்குத் தனியார் பள்ளிக்கூடத்தில் 9,000. வாடகை வீடு. நான் 60,000 என்று எழுதினேன். அவரைக் கேட்டுத்தான் எழுதினேன். ஆனால் அந்த வெளிச்சத்திலும் அந்தப் பாட்டிலும் அவர் என்ன சொல்ல முடியும்?

ஒரு மாதத்துக்குள் அடகுக்கடையில் என் சங்கிலியை வைத்தோம். அப்பா கல்யாணத்துக்குப் போட்ட நாலு பவுன். தராசில் போட்டு, உரசிப் பார்த்து, பின்பக்கம் சீட்டு ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார்கள். வெளியே வந்து செவ்வாப்பேட்டைத் தெருவில் நடக்கும்போது, இரண்டு பக்கமும் பட்டறைகளில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிற சத்தம். மனசு லேசாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. கொடுத்த சந்தோஷம் பொய்யில்லை.

நாலாவது மாதம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். அவரும் அண்ணனும் பாதிப்பாதி போட வேண்டிய செலவு. எங்களிடம் ஒன்றும் இல்லை, வைக்க நகையும் இல்லை. மூத்தவர் வட்டிக்கு வாங்கி முழுசையும் கட்டினார். "பரவாயில்ல விடுடா" என்று அவர் சொன்னதைவிட, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் ஓரகத்தி என்னிடம் ஒன்றுமே கேட்காமல் டிபன் கேரியரைத் திறந்து இட்லி வைத்துக் கொடுத்தது எனக்குத் தாங்கவில்லை.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு வார்த்தை வருகிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் "காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை ஆண்டவர் கண்டித்த இடம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்ததுதான். அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் அது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அப்பாவிடம் சொல்ல ஆறு மாதம் ஆனது. மலைக்குப் போயிருந்தபோது, களத்தில் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிய காபிக்கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது, அப்பா பலகையால் கிளறிக்கொண்டிருந்தார். கழுத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கிளறுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"கர்த்தர் உன்கிட்ட கேட்டாரா, மேடையில இருந்தவர் கேட்டாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலன்னா ஒரு ராத்திரி தூங்கிட்டு எழுதியிருக்கலாமே சாமி. அவர் காலையிலயும் இருப்பார்" என்றார். சீட்டை வேதாகமத்துக்குள் வைத்து ஒரு ராத்திரி கழித்துப் பிரிக்கிற வழக்கம் அந்தக் களத்தில்தான் பிறந்தது. சங்கிலியை மீட்க இரண்டு வருஷம் ஆனது.

அந்த இரண்டு வருஷமும் நான் காணிக்கை பற்றிய வசனங்களை முன்பின் சேர்த்து வாசித்தேன். ஒரு வசனத்தைத் தனியாகப் பிடுங்கி வைத்தால் அது யாருடைய கையிலும் கோலாகிவிடும் என்று பயம் வந்துவிட்டது. மல்கியாவில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, எதற்கு? "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி." ஆகாரம். ஆலய வேலை செய்த, சொந்த நிலம் இல்லாத லேவியருக்குச் சாப்பாடு. உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் என்று எழுதியிருக்கிறது, அவர்கள் புசித்துத் திருப்தியாகும்படி. அப்பாவின் இரண்டாவது கவர் அது.

மாற்கு 12-இல் அந்த ஏழை விதவை "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசை" போடுகிற இடம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நேர் முன்னால் வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் சொல்கிறார், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்று. இந்த இரண்டையும் மாற்கு அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கொடுத்த விதவையை ஆண்டவர் கனம்பண்ணினார். அவளுடைய வீட்டைத் தின்கிறவர்களை விட்டுவைக்கவில்லை. காணிக்கைப் பிரசங்கத்தில் முதல் பாதியை நான் கேட்டதே இல்லை, நானும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

பவுலின் இரண்டாம் கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் எனக்கு அடுப்பங்கரை மாதிரிப் பழகிவிட்டன. அங்கே பவுல் வசூல் செய்வது எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்கு. கட்டளையாகச் சொல்லவில்லை என்கிறார். சதவீதம் சொல்லவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." நியமித்தபடி என்றால் முன்னமே தீர்மானித்தபடி. கொரிந்து சபைக்கு அவர் கொடுத்த அவகாசம் ஒரு ராத்திரி இல்லை, ஒரு வருஷம். "உற்சாகமாய்" என்ற இடத்தில் மூலக் கிரேக்கத்தில் ஹிலரோஸ் என்ற வார்த்தை, முகம் மலர்ந்து என்று சொல்லலாம். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." மைதானத்தில் கேட்டதற்கு நேர் எதிர். அப்பா 60 ரூபாய் வைத்த ராத்திரியில் இந்த வசனத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பணத்தைக் கொண்டுபோகத் தன்னோடு சபைகள் தெரிந்துகொண்ட ஆளையும் பவுல் சேர்த்துக்கொள்கிறார், ஒருவரும் குறைசொல்லாதபடிக்கு. அப்போஸ்தலனே கணக்குக் காட்டினார். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் தன் வாழ்நாளில் 10,000-க்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார், மனிதரிடம் கை நீட்டாமல் ஜெபத்தில் மட்டுமே கேட்டார். அவரும் வந்த ஒவ்வொரு காசையும் எழுதி வருஷா வருஷம் அறிக்கை அச்சிட்டார். நம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணம் கேட்டு யாரிடமும் போகாமல்தான் அத்தனை பிள்ளைகளைத் தாங்கினார். கர்த்தரை முழுசாக நம்பினவர்கள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ரசீது கேட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்கிற இடத்தில் நான் இப்போது ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை.

இவ்வளவையும் வாசித்து, பட்டு, தெளிந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கஷ்டத்தில் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்தேன். நல்ல வருஷம் வரும் என்று நினைக்கவில்லை.

அப்பா 2018-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 2 ஏக்கரையும் தம்பிதான் பார்க்கிறான், பாதி எனக்கு. 2023-இல் மூட்டை 13,000-க்குப் போனது, 14 மூட்டை பார்ச்மென்ட். செலவு போக என் பங்கு 50,000 சொச்சம் வந்தது, 5,000-ஐ எடுத்துக் கொடுத்தேன், ஒரு யோசனையும் இல்லை. 2025 தொடக்கத்தில் அராபிகா விலை எங்கேயோ போனது. 50 கிலோ மூட்டை 25,000-ஐத் தாண்டியது. ஒண்டிக்கடை டீக்கடையில் காலையில் பேப்பருக்கு முன்னால் காபி விலையைத்தான் பேசினார்கள். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பறிப்பு முடியும் நேரத்தில் நான் மலைக்குப் போனேன். குப்பனூர் வழி பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே பனி. சாயங்காலம் எடை போடும்போது தம்பிக்கு உதவியாக நின்றேன். வருஷக்கணக்காக எங்கள் தோட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, பழச் சாக்கைத் தராசில் இறக்கிவிட்டு, விரல் நகத்தில் ஒட்டிய பழத்தோலை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த வருஷம் வெலை நல்லா இருக்காமே கண்ணு?" அவ்வளவுதான். அதில் ஒரு கேள்வியும் இல்லை, ஒரு குறையும் இல்லை. நல்லா இருக்கட்டும் என்ற குரல்தான். ஐந்தாறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ காபிக்கொட்டை. அந்தக் கிலோவுக்கான ஒவ்வொரு பழத்தையும் அந்த விரல்கள் சரிவில் நின்று ஒவ்வொன்றாகப் பறித்தவை. விலை இரட்டிப்பானது எங்களுக்கு. அவர் கூலி அதே கூலி.

யாக்கோபின் நிருபத்தில் வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. நாங்கள் பிடித்து வைக்கவில்லை, பேசின கூலியைக் கொடுத்தோம். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தம்பியிடம் சொன்னேன், பங்கு பிரிக்கிற முன் பறித்தவர்களுக்கென்று ஒரு தொகை எடுத்துவிடலாம் என்று. அவனும் அதையே நினைத்திருந்தான். 15,000 எடுத்தோம். காணிக்கைக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அது செலவு. அவர்களுடையது. அதைக் கொடுத்துவிட்டு ஆலயத்தில் எழுந்து நின்று, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று சபையோடு சேர்ந்து சொன்னபோதுதான் அந்த ஜெபத்தில் உமது கரம் என்றால் எந்தெந்தக் கைகள் வழியாக வருகிறது என்று பார்த்தேன்.

எல்லாச் செலவும் போக என் பங்கு 1,30,000. பத்தில் ஒன்று 13,000. அதைத்தான் சீட்டில் எழுதினேன். எழுதும்போதே கை தயங்கியது. 5,000 கொடுத்தபோது தயங்காத கை. பத்தில் ஒன்று என்பது அதே பத்தில் ஒன்றுதான், ஆனால் 13,000 என்றவுடன் அதற்கு வேறு முகம் வந்துவிட்டது. பையன் பீஸ் போல, ஒழுகுகிற மாடி போல. இல்லாத காலத்தில் கர்த்தரை நம்புவதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. அப்போது நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. கையில் பணம் வந்த பிறகு நம்புவதற்கு ஒரு மாற்று ஆள் வந்துவிடுகிறான், அந்தப் பணமே.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் தன் ஆக்ஸ்போர்டு நண்பர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்வார், அது அவரேதான் என்பார்கள். முதல் வருஷம் அவருக்கு 30 பவுண்டு வருமானம், 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது, அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தார். நாலாம் வருஷம் 120 வந்தது, 92. என் வீட்டுக்காரர் இதை எங்கோ வாசித்துவிட்டுப் பல மாதமாக மனசில் போட்டு வைத்திருந்திருக்கிறார். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் நமக்குச் செலவு எவ்வளவு கூடிச்சு?" என்றுதான் அன்றைக்கு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் கதை. நமக்குப் பையன் இருக்கான்" என்றேன்.

"சரி. எதுக்குப் பயப்படறே, ஒவ்வொண்ணாச் சொல்லு. எழுதறேன்" என்றார்.

என் சீட்டையே திருப்பிப் பின்பக்கம் எழுதினார். பையன் காலேஜ் பீஸில் மீதி, 35,000. மாடி ஒழுகல், கொத்தனார் சொன்னது 18,000. அம்மாவின் முட்டி வலிக்கு ஸ்கேன், மருந்து, 12,000. வண்டி இன்ஷூரன்ஸ், சர்வீஸ், 6,000. சொல்லச் சொல்ல எழுதி, கூட்டினார். 71,000. அத்தனை பெரிதாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அவ்வளவுதான். 1,30,000-இல் போக 59,000 நின்றது.

"இன்னும் இருக்கு" என்றேன்.

"சொல்லு."

"வேற ஏதாவது வந்துட்டா?"

அதையும் எழுதினார். "வேற ஏதாவது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு எவ்வளவு போடறது?"

நான் யோசித்தேன். 20,000 என்று சொல்லலாம். 50,000 என்று சொல்லலாம். ஒரு லட்சம் சொன்னாலும் அந்த வரி நிறையாது என்று எனக்கே தெரிந்தது. நான் கோபப்பட்டது 40,000-க்காக இல்லை. அந்த ஒரு வரிக்காக. மற்ற எல்லா வரிக்கும் தொகை இருக்கிறது, திட்டம் இருக்கிறது. இதற்குக் கர்த்தர் மட்டும்தான் இருக்கிறார். பெரிய சேமிப்பு உள்ளவர்கள் வீட்டிலும் இந்த வரிக்குப் பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்காது. பஞ்ச காலத்தில் கடைசிப் பிடி மாவை எலியா தீர்க்கதரிசிக்குச் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவை, விறகு பொறுக்கும்போது அவளுடைய சீட்டில் இந்த ஒரு வரிதான் இருந்திருக்கும். "பானையிலே மா செலவழிந்துபோகவும் இல்லை, கலசத்தின் எண்ணெய் குறைந்துபோகவும் இல்லை" என்று வாசிக்கிறோம். பானை நிரம்பி வழிந்தது என்று அங்கே இல்லை. தினமும் அடியில் கொஞ்சம் இருந்தது.

"கோடு மட்டும் இருக்கட்டும்" என்றேன். 40,000-க்கு ஒத்துக்கொண்டேன்.

அதில் 12,000 எங்கள் சபைக்கு. 8,000 வடக்கே ஊழியம் செய்கிற ஒரு குடும்பத்துக்கு. 20,000 தோட்டத்துக்கு வருகிற ஒருவருடைய மகளின் நர்சிங் படிப்புக்கு, நேராகக் கல்லூரியில் கட்டி ரசீது வாங்கினோம்.

அதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆகஸ்ட்டில் பையனுக்கு டெங்கு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அதே வாரம் தண்ணீர் மோட்டாரும் எரிந்துபோனது. 23,000 ஆயிற்று. எங்களிடம் நின்றிருந்தது 19,000. மீதி 4,000-ஐ ஓரகத்தியிடம் கேட்டு வாங்கினேன். அதே ஓரகத்தி. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன இரண்டாம் நாள் ராத்திரி, கர்த்தாவே கொடுத்தோமே என்று மனசு கணக்குக் கேட்டது. கேட்டதை மறைக்கவில்லை, அவரிடமே சொன்னேன். மூன்றாம் நாள் ஏற ஆரம்பித்தது. கொடுத்ததால் ஏறியது என்று நான் சொல்ல மாட்டேன், பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைக்கும் ஏறியது. ஓரகத்தி அன்றைக்கும் டிபன் கேரியரோடு வந்தாள். இந்த முறை என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடிந்தது. 4,000-ஐ தீபாவளிக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த வருஷக் காபிப் பணம் போன வாரம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி அம்மாவை மலையிலிருந்து அழைத்து வந்திருந்தோம். அவளுக்கு இப்போது நின்று சமைக்க முடியாது, ஆனால் உலை கொதித்தால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கையை நீட்டுவாள், நான் அரிசிப் பாத்திரத்தைக் கிட்டே கொண்டுபோவேன். பையனோடு காலேஜ் கதை பேசிக்கொண்டே ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள். அவள் சாப்பிட்டுப் படுத்த பிறகு நாங்கள் சீட்டை எடுத்தோம். இந்த முறை தொகைக்கு முன்னால் பயங்களை எழுதுவோம் என்று நானே சொன்னேன். ஐந்து வரி வந்தது. ஐந்துக்கும் பக்கத்தில் தொகை போட்டேன். ஆறாவதாக "வேற ஏதாவது" என்று எழுதி, கோடு போட்டு, மடித்து, இரண்டாம் கொரிந்தியரில் வைத்து மூடினேன்.